எல்லாம் உங்களுடையதா?

இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் மலிவு
என்று சொன்னவர் கணக்குப் பிரிவு வெள்ளிங்கிரி.
அவர் வந்து தள்ளட்டும் இந்த வண்டியை.

ஃபிராங்ஃபர்ட். காலை ஐந்தரை.
பில்பாவோ விமானத்தின் கவுண்டர்
மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும்.
அதுவரை பெட்டிகள் என் பாடு.
ஒன்றில் சட்டைகளும் கண்காட்சிக்கான விலைப்பட்டியலும்.
மற்றதில், இரண்டு குளியல் துண்டுகளுக்குள்,
கோவையில் வார்த்த பம்பு இம்பெல்லர்கள் மூன்று.
எவ்வளவு நேரம் காத்திருந்தாலும்
இரும்பு இளைப்பதில்லை.

தள்ளுவண்டியின் பூட்டு ஒரு யூரோ நாணயம் கேட்டது.
என்னிடம் ஐம்பது யூரோத் தாள்.
தாளை மாற்ற ஒரு தண்ணீர் பாட்டில்,
பாட்டிலைக் குடித்ததால் கழிப்பறை,
கழிப்பறைக் கதவோ
ஓர் ஆளுக்கு மட்டும் அளவெடுத்தது.
லாக்கருக்கு என் பெட்டி நாலு விரற்கடை நீளம்.
விட்டுவிட்டும் போக முடியாது:
கேட்பாரற்ற உடைமைகள் அகற்றப்படும், அழிக்கவும் படலாம்
என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
துளிக் கோபமில்லாமல் சொல்கிறாள் ஒருத்தி,
கூரைக்குள்ளிருந்து.

செய்தித்தாள் வாசித்தவரிடம் கேட்டேன்.
அவர் கூரையைச் சுட்டினார்.
நியாயம்தான்.
கோவை ஜங்ஷனில் ஒருவருக்கு
நானும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாற்காலி தள்ளி அவள்.
மஞ்சள் டேப் சுற்றிய மூன்று பெட்டிகள்,
நீலமும் சிவப்பும் கட்டம் போட்ட நைலான் பை.
கால்மேல் கால் இறுக்கி என்னைப் பார்த்தாள்.
அவளுக்கும் அதே தண்ணீர், அதே கதவு.
"முதலில் நீங்கள்" என்றேன்.
பெருந்தன்மைதான்;
அடிவயிறு ஒப்பவில்லை.

பத்து நிமிடம். இருபது.
பெட்டிச் சீட்டில் பெயரைப் படித்தேன்:
அட்வோவா போட்டெங், குமாசி.
நைலான் பைக்குள்ளிருந்து
ஏதோ கூராக முட்டிக்கொண்டிருந்தது.
தொட்டுப் பார்க்கவில்லை.
தொட்டுப் பார்க்காமல் இருப்பதே
ஒரு வேலையாக இருந்தது.

முப்பதாவது நிமிடம் இரண்டு போலீஸ்காரர்கள்,
மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி.
இளையவர் உருப்படிகளை எண்ணினார். ஆறு.
"எல்லாம் உங்களுடையதா?"

விசா பதினான்கு நாள்.
பக்கத்து வீட்டுக்காரரின் ஏணியைக்கூட
ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றவன் இல்லை நான்.
"ஆமாம்" என்றேன்.
அவர்கள் போன பிறகுதான் பயம் வந்தது,
அதுவும் நிதானமாக, கால்விரலிலிருந்து.

வந்தாள். முகம் கழுவி,
பின்னல்களை அவிழ்த்துத் திரும்பக் கட்டி,
வேறு சட்டையில், வேறு ஆளாக.
"நீள வரிசை" என்றாள்.
நம்பவில்லை. போகட்டும்.

என் முறை.
போன வேலை முடிந்தும் திரும்பவில்லை.
தானியங்கிக் கதவைத் தாண்டி வெளியே நின்றேன்.
டாக்சிகள். சாம்பல் வானம். புகைத்துக்கொண்டிருந்த விமானி ஒருவர்.
இல்லாத வண்டியைப் பிடித்தபடி
மடங்கியே இருந்தன என் கைகள்.
பெட்டி போனால் போகட்டும் என்று ஒரு கணம்.
இம்பெல்லர் ஒன்று பதினோராயிரம் என்று மறுகணம்.
ஓடவில்லை;
ஓட்டம் என்று யாரும் சொல்ல முடியாதபடி நடந்தேன்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
ஷூவைக் கழற்றி, இரு பாதங்களையும்
என் இரும்பின் மேல் நீட்டி.
அதைவிட நல்ல பூட்டை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மதியம் முறை வைத்து மாற்றி மாற்றித் தூங்கினோம்.
அக்ரா கவுண்டர் முதலில் திறந்தது.
கையசைத்தாள். மஞ்சள் டேப் வரிசைக்குள் மறைந்தது.
அந்தக் கூர் என்னவென்று கேட்க மறந்திருந்தேன்.

நாலு மணி.
இருபத்து மூன்று கிலோ நூறு கிராம்.
கவுண்டர் பெண் அந்த நூறு கிராமைப் பார்க்காதவள் போல
மனப்பாடமாகக் கேட்டாள்:
"பெட்டியை எப்போதாவது
முன்பின் தெரியாத யாரிடமாவது விட்டுப் போனீர்களா?"

பெயர் தெரியும். ஊர் தெரியும்.
இடது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி.

"இல்லை" என்றேன்.

வண்டிக்குள் போட்ட நாணயத்தை எடுக்கவில்லை.
வெள்ளிங்கிரி கேட்பார்.