ஈரப்புழுதி

நூற்றுக்கு நாலு.
போன வருசம் அந்தப் பல்கலைக்கழகம்
கதவு திறந்த கணக்கு.
வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, அதிலும்
உதவித்தொகை கேட்பவர்களுக்கு இன்னும் குறைவாம்;
எவ்வளவு என்று எங்கும் போடவில்லை.
எங்கள் திருச்செங்கோட்டில் பாதிக்குப் பாதி என்பது
மலைமேல் நிற்கிற சாமி மட்டுந்தான்.
அடிவாரத்தில் எல்லாமே
நாலு, மூன்று, ஒன்றரை.

அப்பா ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார்.
விண்ணப்பக் கட்டணம் ஏழாயிரத்துச் சொச்சம் என்றேன்.
'எழுபத்தஞ்சு அடி' என்றார்.
அவருக்கு ரூபாய் எல்லாமே அடிதான்.
அனுப்பிவிட்டு,
'கேசிங் தனியா?' என்று கேட்டார்.
மதிப்பெண் அனுப்பத் தனிக்காசு.
வருமானச் சான்றிதழை ஆங்கிலத்தில் ஆக்கத் தனிக்காசு.
ஆமாங்ப்பா, தனி.

படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர்.
கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் நகரவில்லை.
மிருதுபாஷினிக்கு முன்னால் சும்மா நின்றிருந்த
செ. என்ற ஓரெழுத்தை
செங்கோட்டுவேல் என்று விரித்துப் பின்னால் வைத்தேன்.
அன்றிலிருந்து அவர்கள் கடிதமெல்லாம்
மிஸ் செங்கோட்டுவேல் என்றே வருகிறது.
சொன்னபோது, கம்ப்ரசர் சத்தத்தையும் மீறிச்
சிரித்தார் மிஸ்டர்.

அப்புறம் கட்டுரை.
நீ கடந்து வந்த ஒரு துன்பத்தை
அறுநூற்றைம்பது சொற்களுக்குள் சொல்.
கோயமுத்தூரில் இதற்கென்றே ஓர் ஆலோசகர்,
மணிக்கு மூவாயிரம், முதல் அரைமணி இலவசம்.
அந்த அரைமணியில் கேட்டார்:
'ரிக் டிரைவர் பொண்ணு. அருமையான கதைம்மா.
அப்பாவுக்கு விபத்து ஏதாச்சும்?'
இல்லைங் சார்.
'வீட்டுல யாராச்சும் படிப்பை விட்டு நின்னு...?'
இல்லைங்.
எல்லோரும் நன்றாக இருப்பது
முதல்முறையாக எனக்குக் குறையாகப் பட்டது.
பஸ் அவிநாசி தாண்டும்வரை
யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியில் புழுதியைப் பற்றித்தான் எழுதினேன்.
துளைக்குள்ளிருந்து சீறி வருகிற மாவு:
முதலில் செம்மண், பிறகு சுண்ணாம்பு வெள்ளை,
முந்நூறு தாண்டினால் கருங்கல் பொடி.
அப்பா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து
வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்.
எட்டாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறேன்.
ஊர், ஆழம், நிறம், தண்ணீர் உண்டா இல்லையா;
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு துளைகள்.
அதில் நான் கண்டது இவ்வளவுதான்:
உள்ளங்கைத் தேங்காய் எழுந்து நின்ற இடத்திலும்
நிற்காத இடத்திலும்
தண்ணீர் வந்த விகிதம் கிட்டத்தட்ட ஒன்று.
இதை அப்பாவிடம் சொன்னதில்லை.
யாரென்றே தெரியாதவர்களிடம் சொன்னேன்.

நூற்றுக்கு நாலு என்றால்
நூறு என்னை வரிசையில் நிறுத்தி
நாலு பேரை உள்ளே கூப்பிடுவார்களா?
இருப்பது ஒருத்தி.
கீழே இருந்தால் இருக்கிறது,
இல்லையென்றால் இல்லை.
விகிதமெல்லாம் மேலே நிற்பவர்கள் பேச்சு.
இப்படித் தேற்றிக்கொண்ட ராத்திரியே
மறுபடி கால்குலேட்டரை எடுத்தேன்.
இதே மாதிரி ஏழு இடம் போட்டால்
ஒன்றாவது கிடைக்க நூற்றுக்கு இருபத்தைந்து.
போட்டது இரண்டு.
மிச்சம் ஐந்துக்கு அடி இல்லை.

மார்ச் மாதம், விடிகாலை நாலரை.
பத்து மணிக்கு வேதியியல் பரீட்சை வேறு.
அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல்
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.
முதல் கடிதம் மூன்று வரி:
வருந்துகிறோம், மிஸ் செங்கோட்டுவேல்.
இரண்டாவது நீளம்.
நீளமென்றால் நல்லது என்று கேள்வி.
மூன்று தடவை படித்தேன்.
காத்திருப்போர் பட்டியல்.
எத்தனையாவது ஆள் என்று போடவில்லை.

அப்பா ஒரே மணியில் எடுத்தார்.
தூங்கவில்லை போல.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
'ஈரப்புழுதிங்ப்பா' என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ ராடு கழற்றுகிற சத்தம்.
கொஞ்ச நேரம் அதுமட்டும்.

'கலர் என்ன கண்ணு?' என்றார்.