மூன்றாம் மேசை

ஆரம்பாக்கத்தில் ஏறினால்
சோதனைச்சாவடி தாண்டிப் பதினோரு நிமிடம்.
தடாவில் எங்கள் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.
வேலை, கையுறைக்குக் கையைச் சொல்லித்தருவது.

விரலுக்கு மூன்று சென்சார், மணிக்கட்டில் ஒரு சுருள்.
மாட்டிக்கொண்டு
எதிரே மிதக்கும் பம்பைப் பிடித்துத் திருப்பி
மூடியைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும்.
எடை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.
தொட்டுவிட்டாய் என்பதற்கு
விரல்நுனியில் எறும்பு ஊரும், அவ்வளவுதான்.

"பட்டுகோ" என்கிறது ஹெட்போன்.
முதல் நாள்
பட்டா, யாருக்குக் கல்யாணம் என்று திரும்பிப் பார்த்தேன்.
பிடித்துக்கொள் என்று அர்த்தமாம்.
சிரித்துச் சொன்னவள் முனெம்மா,
வரதய்யபாளையத்துக்காரி, மூன்றாம் மேசை.

எங்கள் காந்தப்புலத்துக்கு உலோகம் ஆகாது.
என் வளையல் லாக்கரில்.
முனெம்மாவின் மோதிரம் மட்டும் கழலவில்லை.
சோப்பு, தேங்காயெண்ணெய், நூல் சுற்றி இழுப்பது,
கேன்டீனிலிருந்து ஐஸ்.
விரல்தான் வீங்கியது.

திரையில் அவள் கை
மூடியை நெருங்கும்போதெல்லாம்
இடப்பக்கம் நாலு மில்லிமீட்டர் விலகி
காற்றைப் பிடித்தது.
சுப்பராயுடு சார் கத்தினார். டீ குடித்தார்.
"ஒரு வரி எழுதிப் போடு" என்றார் என்னிடம்.
எழுதினேன்:
மூன்றாம் மேசை, மோதிரம், வலப்பக்கம் நாலு சேர்.
அன்றிலிருந்து நேராகப் போனது கை.
எட்டு மாதம். அப்படி ஒரு வரி இருப்பதையே மறந்துபோனேன்.

போன செவ்வாய் மறுபடி விலகியது.
இம்முறை வலப்பக்கம்.
கேபிளை மாற்றினேன், சுருளை மாற்றினேன்,
பக்கத்து மேசையின் இரும்பு நாற்காலியை
வெளியே தூக்கிப்போகச் சொன்னேன்.
பிறகுதான் அவள் கையுறையைக் கழற்றினாள்.
விரலடியில்,
செங்கல்லைப் பெயர்த்தால் கீழே கிடக்கும் புல்லின் நிறத்தில்
ஒரு வளையம்.

அடகா, அறுத்ததா, அவளே எறிந்ததா.
கேட்கும் அளவுக்குத் தெலுங்கு எனக்கு வந்திருந்தது.
அவள் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லாத மோதிரத்துக்கு
நாலு மில்லிமீட்டர் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தது
என் வரி.
"வதிலேய்" என்றாள், திரும்பாமல்.
விட்டுவிடு.
வரியையா, பேச்சையா, தெரியவில்லை.
வரியை அழித்தேன்.
கை போய் மூடியைப் பிடித்துத் திருகியது.

ஷிப்ட் முடிந்து வாசலில்
மெட்டல் டிடெக்டர் அவளுக்குச் சத்தம் போடவில்லை.
காவலாளி போனிலிருந்து தலை தூக்காமலே,
தினமும் சொல்வதைச் சொன்னான்:
"மோதிரம்தானே, போ போ."

தலையாட்டிவிட்டு
மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள்.