இலக்கம் 0417

மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கல்லடிப் பாலம் வரை
நாற்பத்தொரு அடுப்படிகளை எனக்குத் தெரியும்.
முன்வாசலால் அல்ல.
காஸ் சிலிண்டரும் வெங்காயச் சாக்கும் சாத்திய
பின்பக்கச் சந்தால் போவேன்.
தொப்பி போடாத தலை, வெட்டாத நகம்,
குளிர்ப்பெட்டிக்குள் நேற்றைய கணவாயோடு
ஒரே தட்டில் உறங்கும் இன்றைய பட்டர் கேக்,
எல்லாம் நீலப் புத்தகத்தில் ஏறும்.
பிறகு கண்ணாடியில் ஒட்டுவேன் ஓர் எழுத்து.
ஏ என்றால் முதலாளி சட்டகம் போட்டு மாட்டுவார்.
பி என்றால் சிரிப்பார்.
சி என்றால் அதன்மேல் கலண்டர் தொங்கும்.

பசி எனக்கும் உண்டு.
மாலை ஏழுக்குத் திருமலை வீதியில்
தகரங்கள் பேசத் தொடங்கும்.
எதிரெதிரே இரண்டு கொத்துக் கடைகள்,
ஒன்றின் தாளத்தை மற்றது திருடும்.
காத்தான்குடிப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில்
யாரோ ஒருவரின் மடியில் புரியாணிப் பார்சல்,
இறங்குமுன் முழு பஸ்ஸும் அதைச் சாப்பிட்டு முடித்திருக்கும்.
வாவிக்கரையில் புதிதாக ஒரு கபே.
மெனுவில் இறாலுக்கு இத்தாலியப் பெயர்,
இறால் என்னவோ
நாவலடிக்காரன் வலையில் விடியக்காலை விழுந்ததுதான்.

ஆனால் நான் உட்கார்ந்தால்
தண்ணீர் வருமுன்பே மேசைக்குப் பயம் வந்துவிடும்.
கேட்காத பொரித்த கோழிக்கால் வரும்,
கேட்காத வட்டிலப்பம் வரும்,
பில் மட்டும் வராது.
"சீச்சீ, மிஸ்ஸிட்டக் காசா?"
றினோஸ் கையை இழுத்துக்கொள்வார்.
பேக்கரி பாத்தலட் நெஞ்சில் சிலுவை போடுவார்.
பேரின்பம் அண்ணன் பிள்ளையார் படத்தைக் காட்டுவார்.
காசில்லாத சோறு வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து,
எங்கேயாவது ஒருநாள் நிரப்பப்படும்.
ஆகவே ஏழு வருடமாக
வாடகை அறையில் பாணும் டின் மீனும்.

கார்த்திகையில் ஒரு புதன்.
மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை.
ஸ்கூட்டி தண்ணீர் குடித்து நின்ற இடம்
போன மாதம் நான் சி ஒட்டிய கடையின் முன்னால்.
கலண்டர் இல்லை.
சி அங்கேயே இருந்தது,
மெழுகுதிரி வெளிச்சத்தில் கொஞ்சம் பெரிதாகவும்.
மங்களேஸ்வரி என்னைப் பார்த்தாள்.
நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.
"சோதினையா, சாப்பாடா?"
"சாப்பாடு."
"அப்ப இரிங்க."

சோறு, முருங்கையிலைச் சுண்டல், நண்டு.
ஓட்டை உடைத்தபோது குழம்பு
மணிக்கட்டால் ஓடிக் கடிகாரப் பட்டிக்குள் போனது.
வெப்பமானி பையில் கிடந்தது.
அறுபது பாகையா, அறுபத்துமூன்றா,
நாக்கு சொன்னது சுடுகிறதென்று மட்டும்.
புதிதாகப் போட்ட வலைக்கதவைக் கண்டேன்.
கை கழுவுமிடத்தில் கூர் மழுங்காத சவர்க்காரக் கட்டி.
இலையான் ஒன்று தட்டின் விளிம்பில் வந்திறங்கியது.
நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
அது பறக்கும்வரை
ஒருவரும் பேசவில்லை.

எழுந்தபோது மேசைக்கு வந்தது ஒரு துண்டு.
கார்பன் நீலத்தில், இலக்கம் 0417.
சோறு ஒன்று. நண்டு ஒன்று. பிளேன்டீ.
ஆயிரத்து நானூற்று எண்பது ரூபா.
ஐந்நூறுகள் மூன்றை நீட்டினேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இருபது ரூபாவுக்காக லாச்சியைக் கிளறினாள்.
வைத்திருங்கள் என்று சொல்ல வந்ததை
தேத்தண்ணியின் கடைசி மிடறோடு விழுங்கினேன்.
நனைந்த தாள்தான். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி மறுபரிசோதனை.
பின்பக்கச் சந்தால் போனேன்.
வலைக்கதவு சரி, சவர்க்காரம் சரி.
கான் அடைப்பு அப்படியே,
அலுமாரிக்குக் கீழே பழைய ஈரம்.
திரும்பவும் சி.
ஒட்டும்போது மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான்.
"நேரா ஒட்டுங்க மிஸ்,
போன முற சரிஞ்சு கிடந்த."