நாலாம் நம்பர் சாவி

இந்த மாதம் சாவி என் வீட்டில்.
சீட்டுக் குலுக்கியதில் விழுந்தது.
நான் கேட்கவில்லை.

ஐம்பத்தொரு வீடு, நாலு கக்கூசு, இரண்டு பைப்பு.
மட்டக்குளியில் எங்கள் தோட்டம்.
தோட்டம் என்பதற்குச் சாட்சியாக
ஒரு முருங்கை நிற்கிறது.
அதன் காய்க்கும் சண்டை உண்டு.

ஒன்றாம் நம்பருக்குக் கதவில்லை, சாக்கு இருக்கிறது.
இரண்டாம் நம்பருக்குக் கொண்டி இல்லை.
உள்ளே போனவர் இரும வேண்டும்,
அல்லது பாட வேண்டும்.
தெக்லாக்கா பாடுவது மாதா பாட்டு.
கடைசிச் சரணம் முடியும்வரை
யாரும் கிட்டப் போவதில்லை.
மூன்றாம் நம்பர் பொசனுக்கு முதல் நாள் அடைத்துக்கொண்டது.
மாநகர சபைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி
என்னிடம் இருக்கிறது.
பதிலின் பிரதி யாரிடமும் இல்லை.

ஆகவே நாலு.
கதவும் கொண்டியும் பல்பும் உள்ள நாலு.
அதற்கொரு பூட்டு.

நான் சாவி என்பேன்.
பருத்தித்துறையிலிருந்து வந்து
வாடகைக்கு இருக்கும் தவமலர் திறப்பு என்பார்.
சுமித்ராவுக்கு யதுர.
நடுச்சாமத்தில் கதவைத் தட்டும்போது மட்டும்
மூவருக்கும் ஒரே சொல்:
ஐயோ.

கொப்பியில் எழுதுகிறேன்.
பினாயில் இரண்டு போத்தல்.
தும்புத்தடி ஒன்று.
பல்பு ஒன்று.
மறுபடியும் பல்பு ஒன்று.
மூன்றாவது பல்போடு ஒரு கம்பிக்கூடும் வாங்கினேன்,
கூட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு,
அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
மனச்சாட்சி என்று நினைக்க வேண்டாம்,
நுஸ்ரத் தட்டினாள்.

ஹோட்டல் ஒன்றில் லாண்டரி வேலை அவளுக்கு.
வேன் இரண்டரைக்குத் தெருமுனையில் இறக்கிவிடும்.
முதல் வாரம் ஒவ்வொரு இரவும் மன்னிப்புக் கேட்டாள்.
இரண்டாம் வாரம் என் ஜன்னலில்
விரல் நீளச் சவர்க்காரம் ஒன்று,
ஹோட்டல் பேர் போட்ட தாளோடு.
மூன்றாம் வாரம் தட்டவேயில்லை.
நான் விழித்துக் கிடந்தேன்.
இரண்டரை.
மூன்று.
தகரத்தில் மழை.

காலையில் பைப்படியில் கேட்டேன்.
"பின்னேரம் நாலு மணியோட
தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிட்டேன் அக்கா."
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு
வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிறு, முருங்கையடியில் கூட்டம்.
கணக்கு வாசித்தேன்.
எழுபது ரூபாய் உதைத்தது,
கைக்காசு போட்டதைச் சொல்லவில்லை.
பூட்டை எடுத்துவிடுவோம் என்றேன்.
ஸ்டானிஸ்லாஸ் எழும்பினார்.
"எடுத்தா த்ரீவீல் ஸ்டாண்ட் முழுக்க உள்ளுக்கு வரும்.
வந்தாங்கதானே?
கழுவினது யாரு? என்ட மனுசி."
அதுவும் உண்மை. அவர் மனைவி
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கை தூக்கச் சொன்னோம்.
பூட்டு வேண்டும்: இருபத்தொன்று.
வேண்டாம்: இருபது.
நுஸ்ரத் வரவில்லை.
அது அவள் உறங்குகிற நேரம்.

தீர்மானத்தை நானே எழுதினேன்,
எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.
பூட்டு இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.
சாவி எத்தனை என்று இல்லை.

திங்கட்கிழமை ஆமர் வீதிக்குப் போனேன்.
சாவி வெட்டுகிற பையன்
மெஷினை நிறுத்தாமல் கேட்டான், எத்தனை?
ஒன்று, என்றேன்.
அந்தச் சவர்க்காரத் தாளில் சுற்றி
அவள் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்து
கொப்பியில் எழுதினேன்:
பினாயில், ஒரு போத்தல்.

கை நடுங்கியது.
யாராவது இப்படி எழுதியிருப்பார்களா என்று
பின்பக்கமாகப் புரட்டினேன்.
பங்குனியில் சுமித்ரா: பினாயில்.
அதற்கு முன் தவமலர்: பினாயில், பினாயில்.
தை மாதம் ஸ்டானிஸ்லாஸ்,
குண்டு குண்டு எழுத்தில்,
மூன்று போத்தல்.

எங்கள் நாலாம் நம்பர்
ஒரு நாளும் அவ்வளவு மணத்ததில்லை.