சுகந்தி, த/பெ. சங்கரபாண்டி

பதினாறு கட்டம் வரைக்கும் தடங்கல் இல்லை.
பெயர், பிறந்த நாள், சாதிச் சான்றிதழ் எண்,
பி.காம் கடைசிப் பருவத்தில் வாங்கிய அறுபத்தொன்று.
பதினேழில் வந்து நின்றது சுட்டி.
உங்கள் மீது எப்போதாவது
காவல்துறை வழக்கு, அபராதம் ஏதேனும் உண்டா?
ஆம். இல்லை.
பக்கத்துக்கு ஒரு வட்டம், மிளகு அளவு.

"இல்லைன்னு போடுக்கா" என்றான்
சமாதானபுரம் பிரவுசிங் சென்டர் பையன்.
"சட்டக் காலேஜுக்கு வாறவுக எல்லாரும்
அதத்தான் போடுதாவ.
பின்னால நாலு பேரு நிக்காவ, பாருங்க."

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்பு.
ஜவுளிக்கடை பில் கவுண்டரில்
பதினோரு மணி நேரம் நின்ற கால்கள்
வண்ணார்பேட்டையில் கடைசி பஸ்ஸை விட்டன.
ஜெபசெல்வியின் அண்ணன் ஸ்கூட்டர்.
ஓட்டியது நான், நடுவில் அவள்,
பின்னால் ரஹ்மத்து,
மடியில் மூன்று பேர் டிபன் பாக்ஸும்.
ஹெல்மெட் ஒன்று இருந்தது.
அதற்குள் ஒரு கிலோ தக்காளி இருந்தது.

முருகன்குறிச்சித் திருப்பத்தில் டார்ச் வெளிச்சம்.
மெஷினில் சார்ஜ் இல்லையென்று
ரசீதுப் புத்தகத்தை விரித்தார் ஏட்டையா.
என் பெயரை அவர் கேட்கவில்லை.
சட்டையில் குத்தியிருந்த தகட்டைப் படித்து
எழுதினார்:
சுகந்தி.

சுகந்தி ஆடித் தள்ளுபடியோடு வேலையை விட்டவள்.
அவளை நான் பார்த்ததுகூட இல்லை.
பெயர்த் தகட்டைத் தொலைத்தால்
சம்பளத்தில் நூறு ரூபாய் பிடிப்பார்கள்;
அதற்காக அவளுடையதை மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

"அப்பா பேரு?"
"சங்கரபாண்டி."
அது நிஜம்.
நான் பொய் சொல்லவில்லை,
திருத்தவில்லை.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு பேனா ஓடி முடிக்கிற நேரம்.

ஆயிரம் ரூபாய். மூன்று பைகளையும் கவிழ்த்து,
ரஹ்மத்துவின் சீட்டுப் பணத்தில் கைவைத்து.

ஆக, முப்பிடாதி மேல் ஒன்றும் இல்லை.
அப்பாவுக்குப் பிறக்காத ஒரு மகள்
தூறலில் வண்டி ஓட்டிப் பிடிபட்டாள்.

நேற்று ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தேன்.
ரைட்டர் புரட்டிப் புரட்டித் தேடிவிட்டு,
"உன் பேருல இங்கன எதுவும் கெடையாது தாயி.
கட்டி முடிஞ்ச அபராதம் ஒரு கேஸா?
சவத்த விட்டுட்டு சோலியப் பாரு."
நான்தான் அந்தச் சுகந்தி என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பக்கத்து பெஞ்சில் கைலி கட்டிய ஒருவர்
தன் பெயரை மூன்றாவது தடவையாக
எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.
எழுதுகிறவர் மறுபடியும் தப்பாக எழுதினார்.
அவர் மறுபடியும் சொன்னார்.
நான் வெளியே வந்துவிட்டேன்.

ஜெபசெல்விக்குத் தெரிந்த வக்கீல் போனில் சிரித்தார்.
"வக்கீலாகப் போறவ மொதல்ல இதப் படி:
கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாத."
கேட்டிருக்காகளே, அண்ணாச்சி.
பதினேழாவதா.

ஆம் என்பதை அழுத்தினேன்.
கீழே ஒரு பெட்டி திறந்தது:
விவரம், இருநூற்றைம்பது எழுத்துகளுக்குள்.
முதல் தடவை நானூறு வந்தது.
தக்காளியை எடுத்தேன்.
பதினோரு மணி நேரத்தை எடுத்தேன்.
தூறலை, சார்ஜ் போன மெஷினை, நூறு ரூபாயை.
எடுக்க எடுக்க
என் பக்கம் நின்றவையெல்லாம் போய்விட்டன.
மிஞ்சியது:
வண்டி ஓட்டியது நான். ரசீதில் உள்ள பெயர் என்னுடையது அல்ல.
தெரிந்தும் சொல்லவில்லை. அபராதம் மூவரும் கட்டினோம்.

நூறு சொச்சம் எழுத்துக்கு இன்னும் இடம் இருந்தது.
அதை அப்படியே விட்டேன்.

"யாருக்கா அந்தச் சுகந்தி?"
பிரிண்ட் எடுத்தபடி கேட்டான் பையன்.
தெரியாது என்றேன்.
கடையத்திலோ திருப்பூரிலோ
இந்நேரம் யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருப்பாள்,
இன்னொருத்தி பெயர்த் தகட்டைக் குத்திக்கொண்டு.

பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
சில்லறை இல்லையென்று
ஒரு மிட்டாய் தந்தான்.