இருபத்தொன்பதாம் வரி

இரவு எட்டு முப்பத்தாறுக்கு அம்புக்குறி நின்றது.
கீழ்மூலை மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தபடியால்
கொம்பியூட்டருக்கு உயிர் இருக்கிறதென்று தெரிந்தது.
எட்டு முப்பத்தேழு.
பத்து மணிக்குள் பால் கணக்குப் போகவேண்டும்.

மவுஸைத் தட்டினேன்.
கவிழ்த்தேன், வயிற்றில் சிவப்பு வெளிச்சம் இருந்தது.
வயரைப் பிடுங்கி மற்றத் துளையில் செருகினேன்.
சட்டையில் தேய்த்து
மகனின் கணக்குக் கொப்பியின்மேல் ஓட்டினேன்.
பிறகு பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதமாட்டேன்;
அடுத்த அறையில் படிப்பதாகச் சொன்னவன்
சிரித்தது கேட்டது.

வவுனியாவில் நிற்கிற மனுசனுக்கு எடுத்தேன்.
"நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடு."
அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து,
தண்ணி மோட்டருக்கும்
எங்கள் சண்டைக்கும்.
நிப்பாட்டினால் இருபத்தெட்டு வீட்டுக் கணக்கும்
முதலிலிருந்து.

அம்போ
இருபத்தொன்பதாம் வரியின் ஓரத்தில்
'நீக்கு' என்ற சின்னப் பெட்டிக்குமேல்
மூக்கை வைத்தபடி நின்றது.

இருபத்தொன்பது: ஞானசௌந்தரி, ஆறாம் வாய்க்கால்.
மாதம் முழுக்க ஒரு லீற்றருக்குக் கீழே.
அப்படியானவர்களைப் பட்டியலில் வைக்கவேண்டாமென்று
சங்கத்தில் சொல்லி இரண்டு கிழமை.
போன கிழமை மறந்துபோனேன்.
இன்றைக்கு மறக்கவில்லை.
அம்பை அங்கே கொண்டுபோனது நான்தான்.

கீபோட்டின் இடப்பக்கம் ஒரு விசை இருக்கிறது,
எதிரெதிராய் இரண்டு அம்பு கீறியது.
இத்தனை வருசமும் தூசு துடைக்கத்தான் அதைத் தொட்டிருக்கிறேன்.
அமத்தினேன்.
முதலாம் வரியில் ஒரு புள்ளிக்கோட்டுச் சட்டம் முளைத்தது.
இன்னொருக்கா அமத்த
பக்கத்துப் பெட்டிக்குத் தாவியது.

மவுஸ் என்றால்
முத்தையன்கட்டுக்கு மேலால் கொக்குமாதிரிப் பறந்து
வேண்டிய வரியில் இறங்கலாம்.
இதில் பறக்கேலாது.
ஒவ்வொரு படலையடியிலும் நின்றுதான் போகவேண்டும்.
ஆளுக்கு நாலு பெட்டி:
பெயர், காலை, மாலை, நீக்கு.

வில்வராசா, ஏழரை.
அன்ரனிப்பிள்ளை, நாலு. மாடு கன்று போட்டிருக்கு, இனிக் கூடும்.
மங்களாதேவிக்கு மாலை வெறுமை;
மகளோடு முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் நிற்கிறா.
குலவீரசிங்கம், பதினொன்று.
தண்ணி என்று கருவி ஒருமுறை சொன்னது,
அவர் இரண்டுமுறை இல்லையென்றார்.
எண்ணிக்கை பிசகி
பதினேழாம் வரியில் யாரையோ நீக்கப் பார்த்தேன்.
'நிச்சயமாகவா?' என்று கேட்டது.
இல்லை என்றேன், வாயாலும்.

எட்டு ஐம்பத்தொன்பது.
இருபத்தொன்பது.
பெயர்.
என்னோடு ஒன்பதாம் வகுப்பு, பின்வாங்கு.
சைக்கிள் ரியூப் வெடித்ததிலிருந்து
போத்தலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு
இரண்டு கட்டை நடந்து வாறா.
காலை: துண்டைப் பார்த்து நானூறு மில்லி அடித்தேன்.
மாலை: ஒன்றுமில்லை.
நீக்கு.

சட்டம் பெட்டியைச் சுற்றி நின்றது.
செத்த அம்பும் அதற்குள்ளேதான்.
இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்ட
என் விரல் என்ரர் விசைக்குமேல்.

மவுஸ் வேலை செய்திருந்தால்
எட்டு முப்பத்தாறுக்கே முடிந்திருக்கும்.
ஒரு சொடுக்கு.
அடுத்த வரிக்குப் போயிருப்பேன்,
அவவின் செருப்பைக்கூட நினைத்திருக்கமாட்டேன்.

எதிரெதிர் அம்பு.
முப்பது. சின்னத்தங்கம், ஐந்தே கால்.

ஒன்பது இருபத்திரண்டுக்கு
'அனுப்பப்பட்டது' என்று வந்தது.
எழும்பும்போது முழங்கை மவுஸில் பட
அம்பு திரையின் குறுக்கே ஓடியது,
இதுவரை எங்கேயும் நிற்காததுபோல.

நாளைக்குச் சங்கத்திலிருந்து எடுப்பார்கள்.
மவுஸ் பழுது என்று சொல்லலாம்.
எத்தனை கிழமைக்குச் சொல்லலாம் என்பதுதான்.

மகன் வந்து கொப்பியைக் கேட்டான்.
நாலாம் கணக்கின் விடை
கொஞ்சம் கலைந்திருந்தது.