மூன்றாவது ஆண்டெனா

சுவரோடு தோளை ஒட்டி நில்.
உடைந்த குழாயின் நிழல் பாதத்தைத் தொடும் இடம்.
தலை தூக்கு. எதிர்க்கூரையில்
மூன்றாவது ஆண்டெனா. அதன் நுனிக்கு
ஒரு மயிரிழை இடப்பக்கம்.
குதி. உச்சியில் கைவிடு.

உலான்பாத்தரில் ஒரு மளிகைக்கடைக்குக் கீழே
மணிக்கு இரண்டாயிரம் துக்ரிக் வாங்கும் நிலவறையில்
நான் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான்.
ஆளில்லாத வரைபடத்தில், எதிரியில்லாத தெருக்களில்
இரவு முழுக்க நூற்று நாற்பது முறை எறிந்தேன்.
ஜன்னல் விளிம்பில் பட்டுத் திரும்பியது.
யாருடையதோ பால்கனியில் விழுந்து உருண்டது.
ஒருமுறை என் காலடியிலேயே வெடித்து
என்னை என்னிடமிருந்தே மறைத்தது.

தெமூலென் சுடுவான். பலகையின் உச்சியில் அவன் பெயர்:
இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொன்று.
அடியில் நான்: ஒன்பது.
மறைத்ததை எண்ண அந்தப் பலகையில் கட்டம் கிடையாது.
"கொங்கோர்சுல், ஜன்னல்!" என்பான். அடைப்பேன்.
"கொங்கோர்சுல், படிக்கட்டு!" அடைப்பேன்.
அண்ணி ஒருநாள் கேட்டாள்,
சண்டையில் உனக்கு என்னதான் வேலை?
கதவு சாத்துகிறேன், என்றேன்.
பகலில் பல் மருத்துவரின் வாசலிலும்
எனக்கு அதே வேலைதான்.

மேலே ஜனவரி.
மேட்டுக் கூடாரங்களின் கரியடுப்புகள் மூச்சுவிட
தெரு தன் அடுத்த தெருவை மறந்திருக்கிறது.
அந்தப் புகைக்குப் பதினெட்டு நொடி என்ற கணக்கில்லை.
நாற்காலி முதுகுகளில் எங்கள் முகமூடிகள்
காது வைத்துத் தொங்குகின்றன.

இன்று தர்கான் ஊர்க்காரர்களோடு.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிச் சுற்று.
அவர்கள் எங்களைப் படித்துவிட்டு வந்தவர்கள்:
மீன்சந்தையில் என் புகை எழுந்தால்
பின்னால் ஐந்து துப்பாக்கிகள் வரும்.
நெருப்பில்லாமல் புகையாது அல்லவா.

குழாய் நிழல். ஆண்டெனா. குதித்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு வீடு எழும்பி நின்றது,
சுவர் இல்லாமல், கூரை இல்லாமல்.
நால்வரையும் குண்டோடு கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு
நான் மட்டும் அதற்குள் குடியேறினேன்.

உள்ளே நிற்பவருக்கும் ஒன்றும் தெரியாது,
இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்
இங்கும் அங்கும் ஓடினேன், செருப்புச் சத்தம் கேட்க.
வானத்தைச் சுட்டேன். துப்பாக்கி மாற்றிச் சுட்டேன்.
ஐந்து பேராக இருப்பது மூச்சுவாங்கும் வேலை.
ஒன்பது. பத்து.
ஒரு தோட்டா காதருகே வழி கேட்டுப் போனது.
பதினான்கு.
தவாசம்பு கிசுகிசுத்தான்: வைத்துவிட்டோம்.
பதினாறு. ஓரங்கள் நைந்தன.
முதலில் இரண்டு பூட்ஸ் தெரிந்தன,
பிறகு முழங்கால், பிறகு
என்னைத் தேடிவந்து என் முன்னால் நின்றவன்.
அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

செத்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்து
மற்றவர்கள் ஜெயிப்பதைப் பார்த்தேன்.
தெமூலெனைத் தூக்கினார்கள். தாழ்ந்த கூரை,
அவன் தலை விளக்கில் இடித்தது.

ஹெட்போன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது
எதிரணியிலிருந்து ஒருவன் வந்தான். பூட்ஸ்காரன்.
பெயர் தெல்கெர் என்றான்.
பலகையைப் பார்க்கவில்லை, கை குலுக்கவில்லை.
"மீன்சந்தைப் புகை,
எங்கே நின்று எறிகிறீர்கள்?"

இந்த ஊரில், இத்தனை குளிர்காலத்தில்
என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.
தொண்டை வரை வந்துவிட்டது.
குழாய் நிழலைச் சொன்னேன். தோளைச் சொன்னேன்.
குதிப்பதைக்கூடச் சொன்னேன்.

முகமூடியை மாட்டிக்கொண்டேன்.
"இரண்டாவது ஆண்டெனா," என்றேன்.

நன்றி சொல்லி, படியேறி,
மூன்றே எட்டில் காணாமல் போனான்.